அருக்காணி முழம்

ஒரு முழம் பூ என்றால் எவ்வளவு என்று லேக் மார்க்கெட் பூ வியாபாரிகள் சங்கம் கூட்டம் போட்டு முடிவு செய்யப் போகிறது என்ற தகவல், சங்கத்து ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீடு மார்க்கெட் முகப்பில், முதல் மாடி. பால்கனிக்கு நேர் கீழே அனுராதாவின் பூக்கடை, எதிர் நடைபாதையில் மகேஷின் பூக்கடை. நடுவில் யார் என்ன பேசினாலும் சத்தம் மேலே வருகிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ரயில்வேயில் ரிட்டயர் ஆன என் வீட்டுக்காரர், "உனக்கெதுக்கு ஊர் வம்பு" என்று கண்டிப்பார். பிறகு காபியை ஆற்றிக்கொண்டே, "சரி, அப்புறம் என்ன ஆச்சு" என்பார்.

விஷயம் இதுதான். சங்கம் ஒரு மரக்குச்சி செய்து வைத்திருந்தது. இனி எல்லாக் கடையிலும் அந்தக் குச்சி நீளம்தான் ஒரு முழம். யாரும் கையால் அளக்கக் கூடாது. ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு மார்க்கெட் முகப்பில் இடம் கிடையாது. அனுராதா கொடுக்கிற முழத்தோடு ஒப்பிட்டால் குச்சி நல்ல ஆறு விரல்கடை குட்டை. அதே விலைக்கு அவள் நீளமாகக் கொடுத்தால் மற்றவர்கள் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதானே? குச்சி யாருக்காகப் பிறந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அனுராதா கொடுத்துக்கொண்டிருந்தது அவளுடைய முழமே அல்ல. அது அவள் மாமியார் அருக்காணியின் முழம். அருக்காணி போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. முழம் மட்டும் போகவில்லை.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோதே அருக்காணி கீழே உட்கார்ந்திருந்தாள். தாராபுரம் பக்கத்துக்காரி. புருஷன் கலியனுக்குக் கிதர்பூர் துறைமுகத்தில் வேலை. மேஸ்திரியைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு அந்த வேலையை விட்டவர், பிறகு ஆயுசுக்கும் பார்த்த உத்தியோகம் ஒன்றுதான். கடைக்கு மேற்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாயங்கால வெயில் பூவின் மேல் படாமல் தன் உடம்பால் மறைப்பார். ஆள் அகலம். அந்த வேலையைக் குறை சொல்ல முடியாமல் செய்தார். மற்றதெல்லாம் அருக்காணி. விடியுமுன் ஹௌரா பாலத்தடிப் பூச்சந்தைக்குப் போய் மூட்டையோடு பஸ்ஸில் வருவாள். கண்டக்டர் மூட்டைக்கும் டிக்கெட் கேட்டால், "மடில வெச்சுக்கிற கொழந்தைக்கு டிக்கெட் கேப்பியா?" என்று தமிழிலேயே கேட்பாள். கண்டக்டர் அடுத்த ஆளிடம் போய்விடுவான்.

குள்ளம். ஆனால் கை மட்டும் வேறு யாருக்கோ செய்து இவளுக்கு மாட்டிவிட்ட மாதிரி நீளம். உட்கார்ந்த இடத்திலிருந்தே எதிர்க்கடையில் வெற்றிலை வாங்கிவிடுவாள் என்று நாங்கள் கேலி செய்வோம். முழங்கையில் நூல் நுனியை அழுத்தி நடுவிரல் நுனி வரை அவள் நீட்டி அளந்தால் தலையில் இரண்டு மடிப்பாக வைத்துக்கொள்ளலாம். கொசுறு மட்டும் கிடையாது.

"இன்னும் நாலு பூ போடேன், அருக்காணி. குறைஞ்சா போயிடுவே?"

"ஏனுங் மாமி, உங்க கைல அளந்திருந்தா இதுல முக்காவாசிதான் வந்திருக்கும். கொசுறையெல்லாம் என் கைலயே சேத்து வெச்சுத்தானுங்க ஆத்தா என்னைய பெத்துப் போட்டிருக்கா."

முழமும் நீளம், நாக்கு அதைவிட நீளம் என்று மாமிகள் எல்லோரும் பேசிக்கொள்வோம், அவளிடம் வாங்கிய பூவைத் தலையில் வைத்துக்கொண்டே.

ஒருநாள் எடையளவு பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்தார். முழத்தில் விற்பது சட்டப்படி செல்லாது, மீட்டரில்தான் விற்க வேண்டும் என்றார். மொழிபெயர்க்க மேலேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் இறங்கியிருப்பேன். அருக்காணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீட்டருங்கறது யாரு கைங்க?" என்றாள்.

நான் அதை அப்படியே வங்காளத்தில் சொன்னேன். அதிகாரி தொண்டையைக் கனைத்தார். அது யார் கையும் இல்லை, எங்கேயோ ஒரு தேசத்தில் உலோகத்தில் செய்து பூட்டி வைத்திருந்தார்கள் என்று விளக்கினார்.

"அப்ப அதுக்கு ஆளே இல்லீங்களா? நாளைக்கு அளவு கொறஞ்சுதுன்னா சனம் யாரு மூஞ்சியப் பாத்துக் கேக்கும்? எங்கிட்டன்னா இந்தா, மூஞ்சி இங்கயே இருக்குது."

மறுபடி வருவேன் என்று எச்சரித்துவிட்டுப் போனார். வந்தார். சனிக்கிழமை, மனைவியோடு, பூ வாங்க.

இந்தக் கை விஷயம் அவள் மகன் ராஜ்மோகன் கல்யாணத்தில் வேடிக்கையாகவும் விபரீதமாகவும் முடிந்தது. அருக்காணி பெண் பார்க்கப் போகும் வீடுகளில் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்பதில்லை. "கண்ணு, கைய நீட்டு" என்பாள். வளையல் பார்க்கிறாளாக்கும் என்று பெண்ணும் வெட்கத்தோடு நீட்டும். இவள் கொண்டுபோன சரத்தை முழங்கையிலிருந்து நீட்டிப் பார்த்துவிட்டு, இலையில் மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். டாலிகஞ்சில் ஒரு பெண், சந்திரகாச்சியில் ஒரு பெண். ராஜ்மோகனுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

கரக்பூர் ரயில்வே காலனியில் அனுராதாவைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். சுமங்கலி ஒருத்தி துணைக்கு வேண்டும் என்றார்கள், நானாகப் போகவில்லை. அனுராதாவும் கையை நீட்டினாள். சரம் நாலு விரல்கடை தொங்கியது.

"கட்டக்கை" என்றாள் அருக்காணி. பெண்ணின் அப்பா, அம்மா, பஜ்ஜித் தட்டோடு நின்ற அத்தை, ஜன்னலில் எட்டிப் பார்த்த பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லோருக்கும் கேட்டது. "இந்தக் கைய வெச்சுக்கிட்டுப் பூக்கடையில என்ன பண்றது?"

சரத்தை மடிக்கப் போனாள். எங்களில் பூ வைத்துவிட்டால் நிச்சயம் செய்த மாதிரி. மடித்து எடுத்துவிட்டால் ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான். அம்மா சொன்னால் வலது காலை எடுத்து இடது காலாகக்கூட வைக்கிற ராஜ்மோகன், அப்போதுதான் எழுந்து வந்து அவள் கையிலிருந்து சரத்தைப் பிடுங்கினான். பிடுங்கிய பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் நீட்டினான்.

"மாமி, நீங்க வெச்சு உடுங்க."

வைத்தேன். அருக்காணி ஹௌரா வந்து சேரும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒரு மாசம் எனக்குப் பூவைக் கலியன் கையால்தான் கொடுத்தாள். அவர் கையும் நீளம்தான், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

கல்யாணமான பிறகு அனுராதா கடையில் உட்கார்ந்தாள். கட்டக்கைக்காரி வந்துவிட்டாள், இனி முழம் சுருங்கிவிடும் என்று எதிர்க்கடையில் ஒரே சந்தோஷம். சுருங்கவில்லை. அனுராதா முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, ரவிக்கைக் கையின் மேல் நூலை அழுத்தி அங்கிருந்து அளந்தாள். அதே நீளம். வெயில் காலத்திலும் முழங்கை மூடும்படி ரவிக்கை போட்டிருந்தாள். கரக்பூர் ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டோம்.

இருபத்தைந்து வருஷம் எனக்கே தெரியாமல் ஒரு விஷயம் என் பால்கனிக்குக் கீழே இருந்திருக்கிறது! கொரோனா ஊசி போடுகிற வரிசையில்தான் அது பிடிபட்டது. எனக்கு முன்னால் அனுராதா. நர்ஸ் ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டாள். முழங்கைக்கு நாலு விரல்கடை மேலே பச்சையாக ஒரு பொட்டு. பச்சை குத்தியது. பெயரில்லை, கோலமில்லை, வெறும் பொட்டு.

"ஏண்டி அனு, இது என்ன?"

"ஒண்ணுமில்லீங்க மாமி."

ஒன்றுமில்லை என்றால் நான் விட்டுவிடுவேனா? ஊசி போட்டபின் அரை மணி உட்கார வைத்தார்கள். அரை மணி எனக்குப் போதும்.

கல்யாணமான மாசமே அருக்காணி அவளைக் காளிகாட் சந்துக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். சாமி கும்பிடப் போகிறோம் என்று இவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே பச்சை குத்துகிறவள் முன்னால் உட்கார வைத்து, தன் கையையும் இவள் கையையும் விரல்நுனி சேர்த்துப் பக்கத்தில் வைத்து, தன் முழங்கை எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் இவள் கையில் பொட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள். "கை வளராது. முழம் கொறயக் கூடாது. இதுலருந்து அள" என்றாளாம். வரும் வழியில் ஜிலேபி வாங்கிக் கொடுத்தாளாம். அதோடு சரி.

"பாக்குற ஒவ்வொருத்தருக்கும் கட்டக்கைன்னு எழுதி வெச்ச மாதிரி இருந்துச்சுங்க. அதான் மூடிக்கிட்டேன்" என்றாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நானும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னது கணக்கில் வராது.

இனி கூட்டத்துக்கு வருகிறேன்.

எங்கள் பாராவின், அதாவது பேட்டையின், கிளப் அறையில், கேரம் போர்டை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கூடினார்கள். சங்கச் செயலாளர் நிமாய் பாபு நல்ல மனுஷன், ஆனால் விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவர் பக்கம் சாய்கிற சுபாவம். அன்று விசிறிக்குக் கீழே மகேஷ் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அவன் மனைவி அமலா. நான் வாடிக்கையாளர் தரப்பு. அப்படி ஒரு தரப்பு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. பேச்சு பெரும்பாலும் வங்காளத்தில்தான் நடந்தது.

"பௌதி, எல்லாருக்கும் இது நல்லது" என்றார் நிமாய் பாபு அனுராதாவிடம். இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். குச்சி அவர் மடியில் இருந்தது, வார்னிஷெல்லாம் அடித்து. "ஒரே அளவு. சண்டை வராது."

"இப்ப யாரு சண்டை போட்டாங்க?"

"வாங்கறவங்களுக்குக் கொழப்பமா இருக்குதுக்கா" என்றான் மகேஷ். "அங்க ஒரு நீளம், இங்க ஒரு நீளம்."

"எனக்கு ஒரு குழப்பமும் இல்லையே, மகேஷ்" என்றேன். "நீளம் அங்கே. கட்டை இங்கே."

சிரித்தார்கள். மகேஷ் சிரிக்கவில்லை. நான் அமலா பக்கம் திரும்பினேன். "வளையல் புதுசாடி? கையை நீட்டு, பார்ப்போம்." புது நகையைக் காட்டச் சொன்னால் அமலா தூக்கத்தில்கூட நீட்டுவாள். நீட்டினாள். நிமாய் பாபுவின் மடியிலிருந்து குச்சியை எடுத்து அவள் முழங்கையில் வைத்தேன். விரல்நுனியில் கச்சிதமாக முடிந்தது. போன மாசம் ஒரு தச்சன் எதிர்க்கடைக்கு வந்ததும், பலகையில் அமலா கையை வைத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டு போனதும் பால்கனிக்குத் தெரியாதா?

அமலா முகம் சிவந்துவிட்டது. "நான் வேணாம்னுதான் சொன்னேன் மாமி. இவருதான், உன் கைதான் அழகுன்னாரு."

இந்த முறை விசிறிக்குக் கீழேயும் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். நிமாய் பாபு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யார் கையானால் என்ன மாஷிமா? ஏதாவது ஒரு கை வேண்டுமே" என்றார் என்னிடம்.

"அப்ப என் கை ஏன் ஆகக் கூடாதுங்க?" என்றாள் அனுராதா.

மகேஷுக்குத் தோற்ற கோபம். தமிழுக்கு மாறினான். "உங்க கையா? உங்க கையும் கட்டதானேக்கா. அது உங்க மாமியார் கை. செத்தவங்க கையில அளந்து இன்னும் எத்தனை நாளைக்கு விப்பீங்க?"

அனுராதா குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவளையே பார்த்தேன். மெதுவாக ரவிக்கைக் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். இறுக்கமான கை, ஏற மறுத்தது. இன்னும் பலமாக இழுத்தாள். தையல் பிரிகிற சத்தம் கேட்டது.

"இது செத்தவங்க கை இல்ல, மகேஷ். நல்லாப் பாரு. தோல் என்னுது. குத்தறப்ப வலிச்சது எனக்கு."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நிமாய் பாபு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அந்தம்மா மேல எனக்குப் பாசம் பொங்கி வழியல. சபையில கட்டக்கைன்னாங்க. கேக்காமக் கொள்ளாமக் கூட்டிட்டுப் போய்ப் பச்சை குத்துனாங்க. அதுக்கு நான் கேக்கவேண்டிய கேள்விய அவங்களே போனப்புறம் யாருகிட்டக் கேக்கறது? ஆனா அன்னீலருந்து இந்தப் பொட்டுல நூல வெச்சு அளந்து குடுத்தது நான். இது இப்ப என் முழம். இதைக் கொறைக்கணும்னா குச்சி பத்தாது. கத்தி எடுத்துட்டு வாங்க."

அதையே வங்காளத்தில் திருப்பிச் சொன்னாள், கத்தி உட்பட.

நிமாய் பாபு என்னிடமிருந்து குச்சியை வாங்கி மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். தீர்மானம் தீர்மானம்தான் என்றார். ஒருத்தருக்கு விலக்குக் கொடுத்தால் சங்கம் எதற்கு என்றார். "முகப்பு இடம் வேண்டுமா, முழம் வேண்டுமா, பௌதி? நீங்களே சொல்லுங்கள்."

"முழம்."

மூச்சுவிடக்கூட இடைவெளி விடவில்லை. நான் பயந்து ராஜ்மோகனைப் பார்த்தேன். அவன் அதுவரை சுவரோரம் நின்றிருந்தான். வாயைத் திறந்து, "எப்பக் காலி பண்ணணும்?" என்றான். கரக்பூருக்குப் பிறகு அவன் எதிர்த்துச் செய்த காரியம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மார்க்கெட்டின் பின்பக்கம், மீன் விற்கிற வரிசையின் கடைசியில் ஓர் இடம் கொடுத்தார்கள். கூரை ஒழுகும், தரை எப்போதும் ஈரம். மீன் செதில் பறந்து வந்து மல்லிகை மேல் ஒட்டும். பக்கத்தில் உட்கார்ந்து மீன் வெட்டுகிறவள், அரிவாளை நகர்த்தி இடம் விட்டு, "வா தீதி, இனி என் மீனும் மணக்கும்" என்றாள். என் பால்கனிக்குக் கீழே ஒரு செல்போன் கவர் விற்கிற பையன் வந்து உட்கார்ந்தான். அவன் யாரோடும் பேசுவதே இல்லை. இதில் யாருக்கு அதிக நஷ்டம் என்று நினைக்கிறீர்கள்?

முதல் வாரம் அனுராதாவின் கூடையில் பாதிப் பூ சாயங்காலம் வரை கிடந்து வாடியது. மகேஷ் கடையில் வார்னிஷ் குச்சி வேலை செய்தது. நானும் ஒருநாள், வேவு பார்க்கத்தான், அங்கே ஒரு முழம் வாங்கினேன். என் மெலிந்த கொண்டைக்கே ஒரு சுற்றுக்குப் பத்தவில்லை. தலையில் வைத்தால் பூ வைத்த மாதிரியும் இல்லை, வைக்காத மாதிரியும் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் மாடியில் இருக்கும் சுந்தரவல்லி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீன் கூடை தெருவில் போனாலே ஜன்னலைச் சாத்துகிறவள், எதிரே வந்தால் மறுபடி குளிக்கிறவள். அவள் அன்று புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஹில்சாவுக்கும் இறாலுக்கும் நடுவே நடந்து போவதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். பின்னாலேயே போனேன்.

"மாமி, நீங்களா! இங்கேயா!"

"குளிச்சா போச்சு" என்றாள் மூக்கை மூடியபடியே. "ஆறு விரல்கடை போனா வருமா?"

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் அதே கோலத்தில் வந்துகொண்டிருந்தார்கள். பாலிகஞ்சிலிருந்து வருகிற ஒரு வங்காளிப் பெண்மணி, மீன் வாங்க வந்தவள், அந்த இடத்திலேயே பூவும் கிடைக்கிறதே, வேலை மிச்சம் என்று இரண்டு முழம் வாங்கிக்கொண்டு போனாள். முகப்பில் இருந்தவரை அவள் கண்ணில் இந்தக் கடை பட்டதேயில்லையாம்.

முகப்பு இடம் திரும்பக் கிடைக்குமா என்றால், கிடைக்கவில்லை. நிமாய் பாபு இரண்டு தரம் ஆள் அனுப்பினார், குச்சியை ஒப்புக்கொண்டால் வரலாம் என்று. இரண்டு தரமும் அனுராதா பூக்கட்டுகிற கையை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினாள். நிமாய் பாபு வீட்டு வேலைக்காரி இப்போது எங்கே பூ வாங்குகிறாள் என்பது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், பாவம், அவருக்கும் வீட்டில் சமாதானம் வேண்டாமா?

போன வாரம் என் ரவிக்கைக்குக் கொக்கி வைக்கத் தையல்காரரிடம் போனேன். மேஜை மேல் ஒரு குவியல் ரவிக்கை. கலரைப் பார்த்ததுமே யாருடையவை என்று தெரிந்துவிட்டது.

"எல்லாவற்றிலும் கையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் பூக்கார பௌதி" என்றார் தையல்காரர். "பழைய ரவிக்கைகூட விடவில்லை. எவ்வளவு குறைக்கணும் என்று கேட்டேன். பச்சைப் பொட்டுக்கு மேலே விரலை வைத்து, இதுவரைக்கும் என்றார்."

கொக்கியை மறந்துவிட்டு நேராக மீன் வரிசைக்கு நடந்தேன். அனுராதா சிவப்பு ரவிக்கையில் உட்கார்ந்திருந்தாள். கை முழுசும் வெளியே. பொட்டு தெரிந்தது, மழைத் தண்ணீர் பட்டுப் பளபளத்தது. புதிதாக மாற்றலாகி வந்த ஏதோ ஆபீசர் மனைவி போலிருக்கிறது, மெட்ராஸ் தமிழ் பேசுகிற பெண், ஒரு முழம் கேட்டாள். அனுராதா நூல் நுனியைப் பொட்டில் அழுத்தி, கையை முழுசாக நீட்டி, நடுவிரல் நுனியில் கிள்ளினாள்.

அந்தப் பெண் சந்தேகமாகப் பார்த்தாள். "ஏங்க, முழம்னா முழங்கையிலிருந்துதானே அளப்பாங்க?"

"ஆமாங்க" என்றாள் அனுராதா, பூவை இலையில் மடித்துக்கொண்டே. "எங்க வீட்டுல முழங்கை இங்கதாங்க இருக்குது."